மூன்றாம் ஆடும் உப்புக்கட்டியும்

நெடுங்காட்டில் வாய்க்காலை ஒட்டி எங்கள் வீடு. நில அளவை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அளப்பதற்கு ஒன்றுமில்லாமல் ஆறு ஆடுகள் வாங்கினேன். பெயர் வைக்கவில்லை, எண் கொடுத்தேன்.

மூன்றாம் ஆடு மூன்றரை மாதச் சினை. ஐப்பசி மழைக்குப் பிறகு அது சுவரை நக்க ஆரம்பித்தது. ஒரு சாண் அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்து செங்கல் தெரிந்தது. தாதுச்சத்து குறைந்தால் ஆடு இப்படி நக்கும் என்று படித்திருந்தேன். காரைக்காலுக்கு பஸ் ஏறிப்போய்த் தாது உப்புக்கட்டி ஒன்று வாங்கிவந்து கொட்டகையில் தொங்கவிட்டேன். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் எதிரே உட்கார்ந்து, எந்த ஆடு எத்தனை முறை நக்குகிறது என்று எண்ணினேன். மற்ற ஐந்தும் சேர்ந்து நக்கியதைவிட மூன்றாம் ஆடு அதிகம் நக்கியது. இளைத்ததும் அதுதான். பதினோராம் நாள் அதன் தாடைக்கு அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம்.

உப்புக்கட்டி போலி என்று முடிவு செய்து கடைக்காரருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

"கடுதாசிய அப்புறம் எழுதலாங்க. அது செத்தா வயித்துல இருக்குறதும் போயிடும்," என்றாள் மனைவி.

லோடு ஆட்டோவில் கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். ஆறு ஆட்டின் புழுக்கையையும் ஆறு டப்பாவில் போட்டு, எண் எழுதி எடுத்துக்கொண்டேன். மருத்துவர் சின்ன வயதுப் பெண். டப்பாக்களைத் திறந்து பார்த்தார்.

"என்னங்கய்யா, எண்ணியா போட்டீங்க?"

"டப்பாவுக்குப் பத்து."

மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருத்துவர் ஆட்டின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய இடம் காகிதம்போல வெளுத்திருந்தது.

"உள்ள பூச்சி ரத்தத்தக் குடிக்குது. ரத்தத்தோட இரும்பும் போகுது. வயிறு புண்ணாயிருக்கறப்ப தாமிரம், துத்தநாகம்னு நீங்க குடுக்குறதும் உடம்புல ஒட்டாது. நக்குனத எண்ணுனீங்களே, இமைய இழுத்துப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை.

"மேய எத்தன மணிக்கு விடுவீங்க?"

"அஞ்சே முக்கால். வாய்க்கால் கரையில. ஒரு நாளும் தவறுனதில்ல."

"அதான். பனி காயாத புல்லு நுனியிலதான் அந்தப் பூச்சியோட குஞ்சுப்புழு ஏறி நிக்கும். நேரந்தவறாம ஊட்டி விட்டிருக்கீங்க."

திரும்பும்போது ஆட்டோவில் மனைவி சொன்னாள்: "ஆட்டுக்கு உப்பு குறைச்சல் இல்லீங்க. உங்களுக்குத் தூக்கம் குறைச்சல்."

சினைக்குக் கெடுதல் செய்யாத பூச்சி மருந்தை மருத்துவர் கொடுத்திருந்தார். எடைக்குத் தக்கபடி ஊற்ற வேண்டும், குறைந்தால் பூச்சி சாகாது. ஒவ்வோர் ஆடாகத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று என் எடையைக் கழித்தேன். மூன்றாம் ஆடு இருபத்துமூன்று கிலோ. பிறகு தினமும் அதன் இமையைப் பார்த்தேன். எட்டு நாள் காகிதம். ஒன்பதாம் நாள் லேசான ரோஜா நிறம் என்று நான் சொன்னேன், மனைவி இல்லை என்றாள். பதினான்காம் நாள் அவளும் ஒப்புக்கொண்டாள். தாடை வீக்கம் வற்றியது. ஆடு சுவரை மறந்துவிட்டது.

இருபத்தேழாம் நாள் இரண்டு குட்டி ஈன்றது. ஒன்று சாயங்காலம் வரை இருந்தது. அதற்கு எண் கொடுக்கவில்லை. மற்றது நாற்பது நிமிடத்தில் எழுந்து நின்றது. அது ஏழு.

இப்போது வெயில் ஏறியபின் புல்லைக் கையால் தடவிப் பார்த்து, ஈரம் இல்லையென்றால்தான் அவிழ்த்துவிடுகிறேன். எட்டரை ஆகிவிடுகிறது. ஐந்தே முக்காலுக்கே ஏழும் எழுந்து என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. நானும் நிற்கிறேன்.