டாக்டர் வீட்டு பிளசரின் வீல் கலர்

போன மாதம் பெரம்பலூரில் ஜமால் பாய் பட்டறையில் என்னை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, மூன்று வீல் ரிம்களைச் சுவரில் சாய்த்துக் காட்டினார்கள். ஒன்று சில்வர், ஒன்று க்ரீம், ஒன்று கறுப்பு. நானும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்னை ஒரு விஷயத்தில் விவரம் தெரிந்தவன் என்று யாரும் இதுவரை அழைத்ததில்லை. டீ வேறு வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

வண்டி அரியலூர் டாக்டருடையது. அந்தக் காலத்து பிளசர் கார். டாக்டர் இப்போது இல்லை. ஆதியில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கித்தரச் சொல்லி அவர் மகள் பாயிடம் விட்டிருந்தார். எல்லாம் டாக்டரின் மனைவி, எங்கள் டாக்டரம்மாவுக்காக. கல்யாணமாகித் திருமானூரிலிருந்து அம்மா இந்த வண்டியில்தான் அரியலூர் வந்தார். பார்வை முக்கால்வாசி போய்விட்டது. மிச்சமும் போவதற்குள் இதே வண்டியில் ஒருமுறை பிறந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்கிறார். ஆனால் பாய் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோன இரண்டு தடவையும் வீலைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறாமலே உள்ளே போய்விட்டார்.

“சில்வர் அடிச்சேன், இல்லைன்னுட்டாங்க. கம்பெனி புஸ்தகத்தைப் பார்த்து க்ரீம் அடிச்சேன், அதுவும் இல்லையாம். சாம்பக் கலராம், சொரசொரன்னு இருக்குமாம். அப்படி ஒரு பெயிண்ட்டு திருச்சியிலகூட இல்லைங்க. நீங்கதான அந்த வண்டிய ஓட்டினவரு, சொல்லுங்க” என்றார் பாய்.

“கழட்டறப்ப என்ன இருந்துச்சு?”

“கல்லு மாதிரி ஏதோ ஒட்டிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு நாளு உக்காந்து சுரண்டி எடுத்தேன்.”

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமே இல்லை.

பாய் மண்டியிட்டு வேலை பார்ப்பதற்காக ஒரு சணல் சாக்கை மடித்துத் தரையில் போட்டிருந்தார். தின்னர் நெடியையும் மீறி அந்தச் சாக்கின் வாசனை வந்தது. அப்போதெல்லாம் சிமெண்ட் சணல் சாக்கில்தான் வரும். டாக்டரின் கிளினிக்குக்கு அடுத்த கட்டடம் ஒரு சிமெண்ட் குடோன். காலிச் சாக்குகளை ஆட்கள் வாசலில் நின்று உதறிக் கட்டு கட்டுவார்கள். உதற உதற எங்கள் தெருவே விபூதி பூசிக்கொள்ளும். வயிற்றுவலி என்று வந்தவர்கள் இருமலும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் அதற்கும் மருந்து கொடுத்தார்.

நான் லைசென்ஸ் வாங்கிய புதிது. “மொதல்ல காஞ்ச துணியால தட்டு. அப்புறம் தண்ணி ஊத்து” என்பது டாக்டரின் உத்தரவு. பானெட்டுக்கும் கதவுக்கும் அப்படித்தான் செய்தேன். வீலுக்குக் குனிய வேண்டும். தினமும் காலையில் வீலுக்கு ஒரு வாளி வீசிவிட்டு, டாக்டரை ஏற்றிக்கொண்டு ரெட்டிபாளையத்துக்கும் எறையூருக்கும் வண்டியைக் கிளப்பிவிடுவேன். சிமெண்ட், மேலே தண்ணீர், அதற்கு மேல் அரியலூர் வெயில். புதுச் சுவரை நனைக்கிற கொத்தனார்கூட அவ்வளவு ஒழுங்காகத் தண்ணீர் விட்டிருக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் டாக்டரம்மா நாலு வீலுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

“ஏம்ப்பா, முன்ன இந்தக் கலரு இல்லையே?”

“மேல் பெயிண்ட்டு தேஞ்சு உள்ள இருந்த ஒரிஜினல் தெரியுதுங்கம்மா. வெளிநாட்டுப் பூச்சு” என்றேன். அது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

நாக்கை நீட்டச் சொல்லியே முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று கண்டுபிடிக்கிற மனிதர் டாக்டர். அவரும் நம்பிவிட்டார். அதோடு விட்டாரா? போகிற ஊரில் யாராவது வீலை உற்றுப் பார்த்தால் போதும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தபடி, “வெளிநாட்டுப் பூச்சு. இப்பக் கெடைக்காது” என்பார். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு எனக்கு பஸ் டிரைவர் வேலை கிடைத்துப் போய்விட்டேன். கடைசிவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

பட்டறையிலிருந்து நேராக அரியலூர் போனேன். டாக்டரம்மாவிடம் வாளி முதற்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்கம்மா.”

“படுக்கையில கெடக்கறப்பகூட நர்ஸுகிட்ட அந்த வீலப் பத்தித்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு.”

அப்போது எனக்கு வந்த வெட்கம் இந்த வயதில் எனக்கு வேண்டாதது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“சரி, அதையே போட்டுக் குடு. க்ரீமுல சந்தனம் நிக்கல, வழுக்குது” என்றார்.

முன்பு சும்மா வந்து படிந்ததை இப்போது தேடிப் போக வேண்டியதாயிற்று. அந்த குடோன் மொபைல் கடையாகிவிட்டது. சிமெண்ட் பிளாஸ்டிக் பையில் வருகிறது. எவ்வளவு தட்டினாலும் ஒழுங்காகத் தூசி பறப்பதில்லை. கடைசியில் ஒரு மூட்டை வாங்கி, மெல்லிய துணியில் கட்டி ரிம்மின் மேல் உதறி, தண்ணீர் விட்டு, வெயிலில் வைத்தேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, பன்னிரண்டு நாள். சோம்பேறித்தனமாகச் செய்ததை அக்கறையாகச் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் புரிந்தது. க்ரீம் அடித்துப் பாலிஷும் போட்டிருந்த பாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா விரலால் தடவினார். “ஆங், இதுதான்” என்றார். சந்தனம் வைத்தார், நின்றது. நாலு வீலுக்கும் வைத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். என்னைத்தான் ஓட்டச் சொன்னார்.

திருமானூரில் டீ குடிக்க நிறுத்தினேன். டம்ளரை நீட்டிய டீக்கடைக்காரர் வீலைக் குனிந்து பார்த்தார்.

“என்னங்க இது, சிமெண்ட்டு பூசின மாதிரி இருக்கு?”

பழக்கம் போகுமா? ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டேன்.

“வெளிநாட்டுப் பூச்சு. இப்பக் கெடைக்காது” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. இந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க வேண்டும். அதற்குத்தான் ஆள் இல்லை.