அப்பா திருப்பிக் கொடுத்த கையுறை

துபாயில் சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கான பேஸ்பால் லீக் நடக்கிறது. நேற்று என் மகள் பறந்து வந்த பந்தைப் பிடித்தபோது, தோல் கையுறையில் பட்டென்று எழுந்த சத்தம் என்னைக் குளச்சல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்குப் பதிமூன்று வயது. பேஸ்பால் மாதிரியே ஆடும் சாஃப்ட்பாலில், பள்ளி அணிக்குப் பந்து பிடிக்கும் கேட்சர் நான்தான். வேர்வையும் தேங்காய் எண்ணெயும் மணக்கும் பள்ளிக்கூடத்துக் கையுறையைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவேன். மாவட்டப் போட்டிக்குத் தேர்வான வாரம், துபாய் பக்கத்து ராஸ் அல் கைமாவில் வேலை பார்த்த சிமென்ட் ஆலையிலிருந்து அப்பா லீவில் வந்தார். லீவு முழுக்க, சவரம் செய்த முகத்தில் சென்ட் மணக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அனுமதி கேட்டு விளையாட்டு டீச்சர் வீட்டுக்கே வந்தார்.

"வெயிலுல கறுத்துப் போனா இவள எவன் கெட்டுவான் டீச்சர்?" என்ற அப்பா, கையுறையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அடுக்களையில் நின்று அழுதேன். அம்மா தலை நிமிராமல் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு நான் பந்தைத் தொடவில்லை.

இப்போது அப்பா விசிட் விசாவில் எங்களுடன் இருக்கிறார். நேற்று பேத்திக்காக ஓயாமல் கைதட்டினார். ஆட்டம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"மக்ளே, ஒனக்கு இதுலல்லாம் ஆசையே இல்லாம போச்சே. இருந்திருந்தா நான் விட்டிருப்பேன்லா?"

அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே நினைவில்லை. மறந்தே போனவரிடம் எதைச் சொல்லிக் கோபித்துக்கொள்வது? காரை எடுக்கும் முன் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். எனக்குக் களைப்பு என்று நினைத்து, அப்பா ஏசியைக் கூட்டச் சொன்னார்.