பெரியப்பா போடாத கையெழுத்து

பெரியம்மா பாடி நான் கேட்டது ஒரே ஒரு முறைதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் பிளேக்கில் போய்விட, பெங்களூர் சாமராஜ்பேட்டையில் இருந்த பெரியப்பா வீட்டுக்கு நான் வந்து சேர்ந்த புதிது. பின்கட்டில் மாவரைத்துக்கொண்டே பெரியம்மா கன்னடத்தில் ஒரு ஜாவளியை முணுமுணுத்தாள். சொன்ன நேரத்துக்கு வராதவனை ஒருத்தி கோபித்துக்கொள்ளும் பாட்டு. பூஜையறையிலிருந்து ஈரவேட்டியோடு வந்த பெரியப்பா கதவருகில் நின்றார். கோபிக்கவில்லை. அவர் கோபித்து நான் பார்த்ததே இல்லை. "இந்த மாதிரி பாட்டு நம்ம வீட்ல வேணாமே. சாமி பாட்டு ஏதாவது பாடேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா சாமி பாட்டும் பாடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பின்கட்டில் ஆட்டுக்கல் சுற்றும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பெரியப்பா மைசூர் சமஸ்தான சர்க்காரில் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். எங்கள் குடும்பம் தலைமுறைகளாக அந்த சர்க்காரின் சோற்றைத் தின்றது. கான்டிராக்டர்கள் அனுப்பும் பழக்கூடைகள் வாசலோடு திரும்பிப் போகும். சர்க்கார் கொடுத்த குதிரை வண்டியில் பெரியம்மாவைக் கோயிலுக்குக்கூட அவர் ஏற்ற மாட்டார்; அவளும் நானும் வாடகை ஜட்கா பிடித்துத்தான் போவோம். ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. பணம் வாங்குகிற அதிகாரியாக இருந்தால் அவரிடம் நுழைய ஏதாவது ஒரு சந்து இருந்திருக்கும். நாலு காசு நீட்டி, அழுது, ஆள் பிடித்து, எப்படியாவது தப்பித்திருப்பார்கள். பெரியப்பாவிடம் சந்தே இல்லை. அது எவ்வளவு பயங்கரமான விஷயம் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சாலையும் சாக்கடையும் மட்டும் சுத்தமாக இருந்தால் போதாது, குடிமக்களின் மனசையும் சுத்தமாக வைப்பது சர்க்காரின் கடமை என்று அவர் மனமார நம்பினார். முதல் உலகப் போர் முடிந்த சில வருஷங்களில் மேலிடம் அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுத்தது. பேட்டைக்குப் பின்னால் பாட்டும் ஆட்டமுமாக இருந்த ஒரு தெருவை அவர் காலி செய்ய வைத்தார். அங்கிருந்த பெண்களைத் திருத்துவதற்காக ஒக்கலிபுரத்தில், ரயில் ஸ்டேஷனை ஒட்டி, உயரமான சுவர் வைத்த ஒரு பழைய கட்டடத்தில் நல்லொழுக்க இல்லம் ஒன்று ஏற்பட்டது. ஊர் கைதட்டியது. புருஷனோ, ரத்த சம்பந்தமுள்ள ஆண் ஒருவனோ வந்து, "இவள் நடத்தைக்கு நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டால் ஒரு பெண் வெளியே போகலாம் என்பது பெரியப்பா எழுதிய விதி. தாயும் மகளுமாகவே பிழைத்த குடும்பங்களில் கையெழுத்துப் போட எந்த ஆண் வருவான்? அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்தத் தெரு முடிந்ததும் அடுத்த தெரு. பிறகு புருஷனை விட்டு வந்தவள், தனியாக இட்லி விற்றவள், அக்கம்பக்கத்தில் யாருக்கோ பிடிக்காதவள் என்று மொட்டைக் கடுதாசியின் பேரில் ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். ஒருத்தியைத் தங்கை சுவரேறித் தப்பிக்க வைத்த பிறகு, உதவி செய்தவளும் அதே விதியின்படி உள்ளே இருக்க வேண்டியதுதான் என்று இன்னொரு உத்தரவு பிறந்தது.

வெளியாரை நம்பாத பெரியப்பா, அங்கே எழுத்துச் சொல்லிக்கொடுக்க என்னையே வைத்தார். தையல் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண். எல்லோருக்கும் அவர் தையல் டீச்சர். ஜோகுபாளையத்தில் பிறந்தவர். அவருடைய புருஷன் பட்டாளத்தோடு பஸ்ராவுக்குப் போனவன்தான். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. பல வருஷம் காத்திருந்துவிட்டு, ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரோடு ஒக்கலிபுரத்திலேயே குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ள இருவருக்கும் ஆசைதான். முதல் புருஷன் செத்ததற்கு அத்தாட்சி இல்லாமல் கோயிலில் தாலி கட்ட முடியாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார். இதையெல்லாம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே டீச்சர் என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார். "சாமிக்குத் தெரியும் மிஸ், அது போதும்" என்பார்.

ஒரு மொட்டைக் கடுதாசி இதைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு திங்கட்கிழமை காலை நான் உள்ளே போனபோது, டீச்சர் தையல் மிஷினுக்கு முன்னால் இல்லை. இல்லத்துப் பெண்கள் கட்டும் முரட்டு வெள்ளைப் புடவையில், பாயில், மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தார். முந்தின வாரம் அவரிடம் பட்டன் தைக்கக் கற்றுக்கொண்ட பெண் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அவருடைய அண்ணன் ஜோகுபாளையத்திலிருந்து ஓடி வந்தார். ஆனால் ஜோகுபாளையம் இருந்தது தண்டில், அதாவது கன்டோன்மென்ட்டில். தண்டு வெள்ளைக்காரன் ஆட்சி. அங்கே குடியிருப்பவனின் கையெழுத்து சமஸ்தானத்தில் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ரயில்வேக்காரரோ குற்றத்தில் பங்குள்ளவர். அவர் கையெழுத்தை யார் வாங்குவார்கள்?

இல்லத்தில் சாப்பாட்டுக்கு முன்னால் பிரார்த்தனை உண்டு. பெரியப்பாவின் பூஜையறையில் இருந்த அதே சாமியின் படம், அதே நாமஜபம், நெற்றியில் விபூதி. அதைச் செய்யாதவர்களுக்குத் தட்டு வராது. டீச்சர் அந்த நேரத்தில் எழுந்து போய் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மற்ற பெண்கள் முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய்க் கொடுத்த கைப்பிடிச் சோற்றில்தான் அவர் உயிர் ஓடியது. பிறகு அதையும் கண்டுபிடித்துத் தடுத்துவிட்டார்கள். நான் பெரியப்பாவிடம் போய் நின்றேன்.

"டீச்சர் சாப்பிடவே இல்ல, பெரியப்பா."

"யாரும்மா சாப்பிட வேணாம்னாங்க? ரெண்டு நிமிஷம் கைகூப்பச் சொல்றோம். அவ்வளவுதானே?"

"அவங்க வேற சாமி கும்பிடறவங்க."

"சாமியில வேற ஏதும்மா? எல்லாம் ஒண்ணுதான்."

அவர் குரலில் அன்புதான் இருந்தது. எல்லாம் ஒன்று என்பதை அவர் நிஜமாகவே நம்பினார். அந்த ஒன்று தன் வீட்டுப் பூஜையறையில் இருப்பதுதான் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, "அந்தப் பொண்ணுக்கு இன்னும் சாப்பாடு போடலயா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். உள்ளே போனவள், தூக்கு அடுக்கில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "வா, ஒரு ஜட்கா பிடி" என்றாள்.

அது நவராத்திரிச் சமயம். அதிகாரிகள் வீட்டுப் பெண்கள் இல்லத்துக்குத் தாம்பூலம் கொடுக்க வருவது வழக்கம்தான் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியம்மா நேராகப் போய் டீச்சர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அவர் கையைப் பிடித்து எழுப்பி வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்தாள். காவல்காரர் பதறிப்போனார்.

"அம்மாவ்ரே, சாகேபு உத்தரவு இல்லாம விடக்கூடாது."

"சாகேபு பொண்டாட்டியோட போறா. என்னத் தொட்டுத் தடுக்கறதுன்னா தடுப்பா."

அவர் ஒதுங்கி நின்றார். திரை போட்ட ஜட்காவில் நாங்கள் மூவரும் ஏறினோம். பட்டப்பகலில், கப்பன் பார்க்கைக் கடந்து தண்டுக்குள் நுழைந்தபோதுதான் டீச்சருக்கு அழுகை வந்தது. அல்சூர் ஏரி தாண்டி, ஜோகுபாளையத்தில் அவருடைய அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பினோம்.

சாயங்காலம் பெரியம்மா தானாகவே பெரியப்பாவிடம் சொன்னாள். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியும். பசியில கெடந்தவளுக்குச் சோறு போட்டு வீட்ல விட்டுட்டு வந்தேன்."

மறுநாள் பூஜை முடிந்ததும், நெற்றியில் விபூதியோடு, எங்கள் இருவரையும் அவரே ஒக்கலிபுரத்துக்கு அழைத்துப் போனார். அப்போதும் ஜட்காதான், இது வீட்டு விஷயமாம். பெரியம்மாவுக்கு அப்பாவும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. எனக்கும் அவரை விட்டால் ஆளில்லை. வாசலில் நான் அவர் காலைப் பிடிக்காத குறைதான். "நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதுமே, பெரியப்பா!" என்றேன். அவர் கண் கலங்கியிருந்தது. "போடக்கூடாதும்மா. என் வீட்டுக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டமா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வெளிப்பக்கம் தாழ் விழுந்தது. நான் தினமும் காலையில் உள்ளே போய், சாயங்காலம் வெளியே வந்த கதவு அது. உள்ளே இருந்து தள்ளினால் அது அசையக்கூட இல்லை.

அங்கே இருந்த நாட்களில் நான் தெரிந்துகொண்டது, மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்பதுதான். எதைச் செய்தாலும், இது தப்போ என்று ஒரு நிமிஷம் தயங்கிப் பிறகுதான் செய்வோம். தலை வாரிக்கொள்ளவே பயந்தோம். ஜன்னல் பக்கம் நிற்கவும் சிரிக்கவும் அதே பயம். வாழ்நாளெல்லாம் விடாமல் சாமி கும்பிட்ட பெரியம்மா அங்கே மட்டும் கைகூப்பவில்லை. மேற்பார்வை செய்த அம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். "என் சாமிகிட்ட நான் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கறேன். சோத்துக்காகக் கும்பிட மாட்டேன்" என்றாள் பெரியம்மா. அவளுக்கும் தட்டு வரவில்லை.

பெரிய அதிகாரியின் மனைவி பட்டினி கிடக்கிறாள் என்ற செய்தி ஊரில் பரவியது. அதுவரை எத்தனையோ பெண்கள் அழுதது காதில் விழாத மேலிடத்துக்கு இது மட்டும் உடனே விழுந்தது. பெரியப்பாவுக்கும் மேலே இருந்த ஒருவர் மோட்டாரில் வந்து, தலைப்பாகையைச் சரி செய்துகொண்டு, "தயவு பண்ணி வெளிய வாங்கம்மா" என்று நின்றார்.

"மத்தவங்க?" என்று கேட்டாள் பெரியம்மா.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்ப நானும் அப்புறம் வரேன்."

கட்டடம் பழுது பார்க்க வேண்டியிருக்கிறது என்று காரணம் எழுதி, இல்லத்தை மூடினார்கள். தப்பு நடந்தது என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. கதவு திறந்த அன்று பலர் வாசலிலேயே நின்றார்கள். அவர்கள் தெருவில் அதற்குள் வேறு ஆட்கள் குடியேறிவிட்டார்கள். என்னிடம் எழுத்துக் கற்ற ஒருத்தி, "இப்ப எங்க போறது மிஸ்?" என்று கேட்டாள். தையல் டீச்சரிடம் ரயில்வேக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால் டீச்சர் பிறகு ஒருநாளும் தண்டைத் தாண்டி சிட்டிப் பக்கம் வரவில்லை. என் கல்யாண ரவிக்கையைத் தைத்தவர் அவர்தான். அளவெடுக்க நான்தான் ஜோகுபாளையம் போனேன்.

பெரியப்பா வேறு இலாகாவுக்கு மாற்றப்பட்டு, சீக்கிரமே ஓய்வு பெற்றார். பெரியம்மா அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்கு மேல் இல்லை. இப்போது சுதந்திரம் வரப்போகிறது என்கிறார்கள். மேடைகளில் புதிதாகப் பலர் தோன்றி, ஜனங்களின் ஒழுக்கத்தைச் சீர்படுத்தப் போவதாகப் பேசுகிறார்கள். கை சுத்தமானவர் என்று ஒருவரைக் காட்டி எல்லோரும் கைதட்டும்போது, எனக்கும் மரியாதை வரத்தான் செய்கிறது. கூடவே, இவர் தப்புச் செய்தால் இவரிடம் யார் போய்ச் சொல்ல முடியும் என்ற பயமும் வருகிறது.

போன வருஷம் பெரியப்பா படுத்த படுக்கையானபோது நான் கூட இருந்தேன். ஒரு காலை, பெரியம்மா அவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவள் கையை விலக்கிவிட்டு, அத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்ததைக் கேட்டார்.

"அன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கு மட்டும் நான் கையெழுத்து போட்டிருந்தா, உள்ள இருந்த மத்தவங்களுக்கு அது நியாயமா? நீயே சொல்லு."

பெரியம்மா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"மத்தவங்களுக்கும் போட்டிருக்கலாமே" என்றாள்.

பெரியப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு வழி இருந்தது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.