பன்னிரண்டு பேருக்கு ஒரு நோட்டு

காளிகாட் சந்து ஒன்றில் சனிக்கிழமைதோறும் நடக்கும் இலவச மருத்துவ முகாமில் எனக்குக் கொடுத்த வேலை, தமிழ் படிப்பது. சிரிக்காதீர்கள். சுந்தரவனத்து ஜனங்கள் கும்பல் கும்பலாக ரயிலேறி நம் டெல்டாவுக்கு நாற்று நடப் போகிறார்கள். நடவு முடிந்ததும் உடம்புக்கு ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அங்கே சுகாதார நிலையத்து நர்சுகள் நோட்டில் தமிழில் எழுதித் தருவதை இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது. பாங்க்கில் முப்பது வருஷம் ஆபீசராக இருந்துவிட்டு லேக் கார்டன்ஸில் சும்மா கிடந்த என்னை யாரோ கைகாட்டிவிட்டார்கள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் மகன் தமிழ் பேசினாலே பெங்காலி வாடை அடிக்கும், எழுத்து சுத்தமாகத் தெரியாது. என்னோடு முடியப்போகிற படிப்புக்கு ஒரு வேலை வந்ததே என்று இஸ்திரி போட்ட புடவையில் போய் உட்காருவேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தவருக்கு ஐம்பது வயதாவது இருக்கும். இருமல் வந்தால் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. கூடவே மனைவி. அவளும் அதே கும்பலில் நாற்று நடுகிறவள். முகாமுக்கு வருகிறவர்கள் என்னை மாஷிமா, அதாவது சித்தி, என்பார்கள். இவளோ வயலில் கற்ற தமிழில், "அக்கா, புருஷன் சளி நோட்டு. நீ படி" என்று நீட்டினாள். நீங்க, வாங்க எல்லாம் வரப்பில் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று.

அவள் விரித்துக் காட்டிய பக்கத்தில் பெயர் சரியாக இருந்தது. வயது முப்பத்து நான்கு என்று இருந்தது. பாங்க்கில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு வயது ஒரு குத்துமதிப்புதானே. இதையெல்லாம் சொல்லி டாக்டர் நேரத்தை வீணாக்குவானேன் என்று அந்த வரியைத் தாண்டிப் போனேன். கையெழுத்தில் ஒரு சுழி குறைந்தாலும் செக்கைத் திருப்பி அனுப்பியவள் நான்.

அடுத்த வரியில், 'சளி பரிசோதனை: காசநோய்க் கிருமி இல்லை' என்று இருந்தது. அதை பெங்காலியில் கணீரென்று சொன்னேன். டாக்டர் முகம் தெளிந்தது. சளி பரிசோதனைக்கு அனுப்ப அன்று அவரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சீட்டு. அதைப் பின்னால் நின்ற வேறொரு பெண்ணுக்கு எழுதிவிட்டு, இவருக்கு இருமல் மருந்தும் அலர்ஜி மாத்திரையும் கொடுத்தார். "பூச்சிமருந்து அடித்த காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, தீதி" என்றார் என்னிடம்.

"டிபி இல்ல. அப்ப அடுத்த நடவு போலாம்" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நான்கு மாதம் கழித்து அவள் தனியாக வந்தாள். அவர் வயலிலேயே சுருண்டு விழுந்திருக்கிறார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இரண்டு நுரையீரலும் காசநோயில் போய்விட்டது என்றார்களாம். ஒரு வாரம்தான். அங்கேயே எரித்துவிட்டு, மிச்ச நடவையும் முடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

நோட்டை என் முன்னால் வைத்தாள். "திருப்பி படி அக்கா. எல்லாம் படி."

இந்த முறை ஒரு எழுத்தும் விடாமல் படித்தேன். வயது முப்பத்து நான்கு என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அது என் தம்பி வயசு."

பிறகு பெங்காலியில் சொன்னாள். பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஏக்கர் கணக்கில் ஒப்புக்கொண்ட நடவு. யார் படுத்தாலும் வேலை நின்றுவிடக் கூடாது என்று, எல்லோருக்குமாக ஒருவன்தான் அந்த ஒரே நோட்டைத் தூக்கிக்கொண்டு போவான். தம்பிக்குத் தமிழ் நன்றாக வரும். அக்காள் புருஷனான மாமனின் இருமலையும் இன்னொருத்தியின் சொறியையும் தன்னுடையது போலச் சொல்லி மாத்திரை வாங்கிவந்து பிரித்துக் கொடுப்பான். அன்று பெயர் கேட்டபோது மாமன் பெயரைச் சொல்லியிருக்கிறான். வயது கேட்டபோது வாய் தவறித் தன்னுடையதைச் சொல்லிவிட்டான். நர்ஸ் ஒரு டப்பாவைக் கொடுத்துச் சளி கேட்டதும், காறி அதில் துப்பிக் கொடுத்துவிட்டான். ஒரே சட்டியில் தின்று ஒரே கொட்டகையில் தூங்குகிறவர்களுக்குச் சளி மட்டும் வேறாகவா இருக்கும் என்பது அவன் எண்ணம்.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு அயோக்கியன் இருந்திருந்தால் அவனையாவது வாய் வலிக்கத் திட்டித் தீர்த்திருப்பேன்.

பேச்சுக்கு நடுவே அவளும் இருமிக்கொண்டேதான் இருந்தாள். டாக்டர் அவளுக்குச் சளி பரிசோதனைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை போகவேண்டும். கும்பலுக்கு ஞாயிற்றுக்கிழமை ரயில். ஒருத்தி குறைந்தால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று அவள்தான் எங்களைக் கேட்டாள். இருந்துவிட்டுப் போ என்று கெஞ்சினேன், அதட்டினேன், என் வீட்டிலேயே தங்கு என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினாள். சீட்டை அதே நோட்டுக்குள் வைத்து மூடி, பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டாள்.

வாசல்வரை போனவள் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை.

"அன்னிக்கி வயசு ஏன் படிக்கல அக்கா? நான் பக்கத்துலதான நின்னேன்."