உலகம்மாள் எம்.பி.ஏ. சேர்ந்த கதை

விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒரு தனியார் கண்டெய்னர் யார்டின் வாசல் அறையில் உலகம்மாளுக்கு வேலை. வரும் லாரியின் விவரத்தைக் கணினியில் பதிந்து, பெட்டி எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவரின் மகள், தபாலில் பி.காம். முடித்தவள். எட்டு வருடமாக அவள் மேல் ஒரு புகார் கிடையாது.

போன மழைக்காலத்தில் ஒரு பெட்டியின் தாளில் இருந்த அபாயக் குறியீட்டு எண்ணைப் பார்த்தும் அவளுக்குப் பொருள் விளங்கவில்லை. வெல்டிங் நடக்கும் வரிசைக்கு அனுப்பிவிட்டாள். உள்ளே இருந்தது சட்டென்று தீப்பற்றும் கரைப்பான். சூப்பர்வைசர் யூசுப் கண்டுபிடித்து, ஓடிப்போய் வெல்டிங்கை நிறுத்தினார். திரும்பி வந்தவர் திட்டவில்லை.

"இன்னிக்குத் தப்பிச்சோம். அந்த நம்பரெல்லாம் என்னன்னு நீ படிச்சே ஆகணும், கேட்டியா."

அன்றிலிருந்து ஒவ்வொரு தாளையும் மூன்று முறை பார்த்தாள். வாசலில் லாரிகள் ஹாரன் அடித்துக் கிடந்தன. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாள். பிறகு ஒரு நாள் பஸ்ஸில் நின்றபடியே, ஆபத்தான சரக்கைப் பற்றியும் பாடம் உண்டு என்று பார்த்து, போனிலேயே சரக்குப் போக்குவரத்துக்கான ஆன்லைன் எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பித்தாள்.

கணவன் செல்வகணேஷ் பழவங்காடியில் ஓட்டல் சமையல்காரன். வேலையும் பார்த்துப் படிக்கவும் செய்தால் உடம்பு தாங்குமா, தோற்றால் மனசு தாங்குமா என்று கேட்டான்.

"தோத்தா தோத்துட்டுப் போறேன். ஒண்ணும் தெரியாம அந்தச் சீட்டுல போய் உக்காரத்தான் எனக்குப் பேடி, பயமா இருக்கு" என்றாள்.

சேர்க்கைக்கான நேர்காணல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனிலேயே வந்தது. யார்டில் லாரிகளை எடை போடும் அறையில் தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்தாள். ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று கல்லூரிக்காரர்கள் ஆங்கிலத்தில் கேட்டார்கள். மனப்பாடம் செய்த பதில் மறந்தே போனது. தட்டுத்தடுமாறி அந்தப் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். சொன்ன பிறகுதான் உறைத்தது: தன் வாயாலேயே தன் தப்பைச் சொல்லிவிட்டோமே, கம்பெனிக்கு எழுதிவிட்டால்?

யாரும் எழுதவில்லை. நான்காம் நாள் இடம் கிடைத்ததாக மெயில் வந்தது. வகுப்புக்காக யூசுப்பிடம் கேட்டுச் சனிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டாள்.

முதல் பருவத்தில் நான்கு தாளில் மூன்று தேறினாள். புள்ளியியல் போயிற்று. அதை மறுபடி எழுதப் பதிந்திருக்கிறாள். தேதி நெருங்க நெருங்க, வாசலில் லாரி இல்லாத நேரமெல்லாம் பழைய கேள்வித்தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள்.