புது ரிக்கார்டு வந்தால்தான் புது பாட்டில்

ஜனவரி மாதம், மூடுபனியில் எதிர்வீடு தெரியாத ஒரு காலையில் மேஜர் சார் போன் செய்தார். "சுந்தரம், லலிதா போயிட்டா. ஹார்ட். ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன்" என்றார். நான் என்னவோ சொன்னேன். அது அவர் காதில் விழுந்திருக்காது. பீரங்கிப் படையில் இருந்து ஒரு காதை முழுசாகவும் இன்னொன்றைப் பாதியாகவும் பறிகொடுத்தவர். "ஜாடியில பீர் இருக்கு. அதை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் டில்லி மோதி பாக்கில் அவர்களுடைய குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியம் விசித்திரமாகப் படாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லலிதா என்னோடு அமைச்சகத்தில் ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவர், கும்பகோணத்துக்காரர். அவருக்கு இரண்டு பைத்தியங்கள்: பழைய ரிக்கார்டு சேர்ப்பது, வீட்டிலேயே பீர் தயாரிப்பது. கணவர் மேஜர் சாரோ, ராணுவத்தில் அத்தனை வருஷம் இருந்தும் ஒரு சொட்டுத் தொடாதவர். நாங்கள் பீர் குடிக்கும்போது அவர் கையில் மோர் இருக்கும். வீட்டில் பீர் காய்ச்சுவதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்டதில்லை. எல்லோருமே சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்தவர்கள்.

லலிதா ஆபீஸ் வேலையாக வெளிநாடு போனபோது, தங்கியிருந்த வீட்டுக்காரம்மா அடுக்களையிலேயே பீர் காய்ச்சுவதைப் பார்த்துவிட்டு வந்தார். அதிலிருந்து ஆரம்பித்ததுதான். "இட்லி மாவு புளிக்க வைக்கத் தெரிஞ்சவளுக்கு இது என்ன பெரிய வித்தையா?" என்பார். பார்லியைப் பச்சைப் பயறு மாதிரி முளைகட்டி, மொட்டை மாடியில் காயவைத்து, வாணலியில் வறுப்பார். யாராவது வெளிநாடு கிளம்பினால் மற்றவர்கள் சாக்லேட் கேட்பார்கள். இவர் பீரில் போடுகிற கசப்புப் பூவைக் கேட்பார். டில்லி வெயில் பீருக்கு ஆகாது என்பதால் தீபாவளிக்கும் ஹோலிக்கும் நடுவில்தான் எல்லாம்.

ஒரு டிசம்பரில் குளிர் தாங்காமல் பீர் ஜாடியையும் இட்லி மாவுப் பாத்திரத்தையும் ஒரே ரஜாயில் போர்த்தி வைத்துவிட்டார். மறுநாள் மாவு பொங்கி ரஜாயெல்லாம் வழிந்து கிடந்தது. இட்லியில் ரொட்டி வாசனை, பீரில் உளுந்து வாசனை. கொட்ட மனசு வராமல் இரண்டையும் எங்களுக்கே பரிமாறினார். "முகத்தைச் சுளிக்காம சாப்பிடுங்க, ரெண்டும் என் குழந்தைகள்தான்" என்றார். வேறு வழி? சாப்பிட்டோம்.

ரிக்கார்டு வேட்டை ஜும்மா மசூதிக்குப் பின்னால் உள்ள சந்துகளில். பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பழைய ரேடியோக்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். கடைக்காரர் "ஜல்தி, மேடம்ஜி" என்றால், "பையா, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கறச்சே ஜல்தின்னு சொல்வியா?" என்று பாதித் தமிழிலேயே கேட்பார். நான் கீறல் விழுந்ததை ஒதுக்கினால் கோபம் வரும். "கீறல் இருந்தா என்ன? யாரோ ஆசையா கேட்டிருக்கான்னு அர்த்தம்" என்பார். அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: புது ரிக்கார்டு வந்தால்தான் புது பாட்டில் திறக்கும். அதற்காகவே நாங்கள் எல்லோரும் சந்து சந்தாக அலைந்தோம்.

அப்படிக் கிடைத்ததுதான் அந்த நீல அட்டை நாகஸ்வர ரிக்கார்டு. யார் டில்லிக்குக் கொண்டுவந்து யார் விற்றார்களோ. அதைப் போட்டதும் மேஜர் சார் எழுந்து போய் ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். தவில் அடி கைக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து லலிதா கடைசியில் அதைத்தான் போடுவார். மேஜர் சார் கையை வைத்து நிற்பார், மோரை மறந்துவிடுவார்.

சில வருஷம் கழித்து குர்கானில் அங்கேயே பீர் தயாரித்துக் கொடுக்கும் கடை வந்தபோது லலிதாவை அழைத்துப் போனோம். ஒரு வாய் குடித்தார். "அச்சா, நம்மளோடதைவிட நன்னாத்தான் இருக்கு" என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். ஆனால் அங்கே பாட்டு இடி மாதிரி அதிர்ந்தது. மேஜர் சார் ஒருவர்தான் சந்தோஷமாக மேஜையின்மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு, சத்தத்தைக் குறைக்கச் சொல்ல எழுந்த லலிதா மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

லலிதா இறந்தபிறகு, ஊரிலிருந்து வந்த மேஜர் சாரின் அண்ணன் மனைவி ஜாடியைத் திறந்து மோந்து பார்த்து, ஏதோ கெட்டுப் போயிருக்கிறது என்று கொட்டத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். "மன்னி, அதைக் கீழே வைங்க" என்று மேஜர் சார் போட்ட சத்தத்தில் வீடே ஸ்தம்பித்துவிட்டதாம். காரியங்கள் முடிந்து எல்லோரும் ஊருக்குப் போனபின் என்னைக் கூப்பிட்டார். "ஜாடியிலேருந்து பாட்டிலுக்கு ட்யூப் பிடிக்கத் தெரியும், மூடி அழுத்தத் தெரியும். நுரை வர்றதுக்குப் பாட்டில்ல போடற சர்க்கரை எவ்வளவு? ஜாஸ்தியானா வெடிச்சுடும்னு பயமுறுத்துவா" என்றார். எனக்கு ஒன்று மட்டும் ஞாபகம் இருந்தது. காப்பி ஸ்பூன் கூடாது, ஊறுகாய் ஸ்பூனால் ஒன்று என்பார் லலிதா. அந்த ஸ்பூன் எதுவென்று மேஜர் சாருக்குத் தெரியும். இருவரும் பாட்டில்களை நிரப்பினோம். இந்த ஜாடி பாழானால் லலிதா கைப்பட்டது வேறு எதுவும் இனி வராது என்று இருவருக்கும் தெரியும்.

இனி பாட்டில் திறக்கப் புது ரிக்கார்டு வேண்டுமே. நான் ஒன்று கொண்டுவருகிறேன் என்றேன். "நான் பார்த்துக்கறேன்" என்றார். வாரங்கள் போயின. வெயில் ஏற ஆரம்பித்தது, ஹோலி நெருங்கியது, பீர் கெட்டுவிடுமே என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் ஒரு ஞாயிறு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பையிலிருந்து எடுத்தார். அதே நீல அட்டை.

"சார், இது ஏற்கெனவே இங்கே இருக்கே" என்று அவருடைய நல்ல காதுப் பக்கம் போய்ச் சொன்னேன்.

"தெரியும். அது லலிதாவோடது. இது நான் வாங்கினது. சந்து சந்தா அலைஞ்சு வாங்கினேன்" என்றார்.

ரிக்கார்டைப் போட்டுவிட்டுப் பாட்டிலைத் திறந்தார், வெடிக்கவில்லை. நுரை அழகாக எழுந்தது. மேஜர் சார் ஒரு தம்ளரை எடுத்துத் தனக்கும் ஊற்றிக்கொண்டார், ஒரு கையை ஸ்பீக்கர்மேல் வைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"இவ்வளவு நன்னா இருக்கும்னு அவ சொல்லவே இல்லையே" என்றார். இன்னொரு வாய் குடித்தார். "சொல்லியிருப்பா. எனக்குக் கேட்டிருக்காது."

சிரித்தோம். நான் அழுதேன், சிரித்துக்கொண்டேதான்.

கிளம்பும்போது பழைய ரிக்கார்டை என் கையில் கொடுத்தார். அட்டையில் ஈரத் தம்ளர் வைத்த வட்டம் இருக்கிறது. லலிதாவிடமிருந்து என்னிடம் தங்கியது இதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டுக் கேட்கிறேன். தவில் வேகமெடுக்கிற இடத்தில் ஒரு கீறல், ஊசி அங்கே தத்தும். யாரோ ஆசையாகக் கேட்டிருக்கிறார்கள்.