ஓரம் வெட்டிய காகிதம்

வங்காளத்துப் பவானிபூரில் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்குக் கட்டிங் மெஷினில் வேலை. அச்சடித்து வரும் தாள்களின் ஓரத்தை வெட்டிச் சமமாக்க வேண்டும். வெட்டிய ஓரம் நீள நீளமாகக் காலடியில் குவியும். வாரம் ஒருமுறை பழைய பேப்பர்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான்.

எழுபதுகளின் நடுவில், ஒரு குளிர்காலத்தில், அந்தக் குவியலைக் கேட்டு ஒருவர் பின்வாசலுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, தோளில் காலிச் சாக்கு.

“தம்பி, நீ நம்ம ஊருன்னு டீக்கடையில சொன்னாங்க. இந்தத் துண்டு ஒரு மூட்டை குடேன். குதிரைக்கு.”

குதிரை காகிதம் தின்னுமா என்று கேட்க நினைத்தேன். புது மனிதர்களிடம் எனக்கு வாய் வராது. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் ஒரு பிடி அள்ளி வெயிலில் தூக்கிப் பிடித்து உதறினார். கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தார். பிறகு அடுத்த பிடி. சிலதைச் சாக்கில் போட்டார், சிலதை ஒதுக்கினார்.

அப்படி மூன்று வாரம் வந்தார். ரேஸ் குதிரை லாயத்தில் வேலை என்றார். நான் நம்பினேன் என்று சொல்ல முடியாது. நம்பாமலிருக்கவும் காரணம் இல்லை.

நான்காவது வாரம் எங்களுக்குப் பரீட்சைக் கேள்வித்தாள் வேலை வந்தது. கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியே போய்விட்டது என்ற பேச்சு அந்த வருஷங்களில் ஊரில் அடிக்கடி எழும். முதலாளி பின்வாசலைப் பூட்டினார். சாயங்காலம் எல்லோருடைய பையையும் அவரே தடவிப் பார்த்தார். கழிவுத் தாளெல்லாம் அவர் கண்ணெதிரே தகர டிரம்மில் எரிந்தது. “ஒரு துண்டு வெளியே போனாலும் உன் வேலை போச்சு,” என்று என்னிடம் வங்காளத்தில் சொன்னார். வெட்டுகிறவன் நான்தானே.

அன்றைக்கே குதிரைக்காரர் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா தம்பி, கதவு பூட்டிக் கெடக்கு?”

“ஒரு மாசத்துக்குக் கிடையாதுங்க.”

“ஒரு மாசமா! பதினஞ்சு நாள்ல டாக்டர் வரார்பா. அப்பவும் குதிர இப்படியே இரைச்சுக்கினு நின்னா வண்டிக்காரனுக்குத் தள்ளிடுவாங்க அத. வேற பிரஸ்ல குடுத்தது ஒதவல. எழுத்து இருந்தாக்கூடப் பரவால்ல, குடு.”

எழுத்து இருந்தாலும் பரவாயில்லையா? வெயிலில் தூக்கிப் பிடித்து அவர் தேடியது எழுத்தைத்தானா? இத்தனை அச்சகம் இருக்க, தமிழ் பேசுகிறவனாகப் பார்த்து வந்தது ஏன்? மாட்டினால் இரண்டு மதராஸிகள் சேர்ந்து செய்த வேலை என்றுதான் முதலாளி சொல்வார். மூன்று மூட்டையை நானே என் கையால் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை குதிரைக்காரர் டீ குடித்துவிட்டுக் கிளம்பியதும் பின்னாலேயே போனேன். டிராமில் அவர் முன்னால், நான் கடைசியில். எந்தக் காலேஜ் பக்கமும் இறங்கவில்லை. கிதிர்பூரில் இறங்கி ஒரு சந்துக்குள் நுழைந்தார். நான் மூலையில் நின்றேன்.

“உள்ள வா தம்பி. டிராம் ஏறனதுலேர்ந்து பாத்துக்கினுதான் வரேன். ஒனக்கும் சேத்து டிக்கெட்டு எடுக்கலாம்னா, நீ மூஞ்சியத் திருப்பிக்கின.”

உள்ளே லாயத்தில் குதிரை இருந்தது. பழுப்பு நிறப் பெண் குதிரை. சும்மா நிற்கும்போதே ஓடி வந்ததைப் போல மூக்குத் துவாரம் விரிந்திருந்தது. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் வயிறு இன்னொரு தடவை எக்கியது. எக்கி எக்கி விலாவுக்குக் கீழே கயிறு கட்டியது போல ஒரு கோடு. காலடியில் வைக்கோல். அதை மிதித்ததும் குதிரைக்கு வறட்டு இருமல் வந்தது.

“வைக்கோல் தூசுதான். பூஞ்சைத் தூசு. வெயில்ல தூக்கிப் பாத்தாத்தான் தெரியும். அது உள்ள போய் மூச்சுக்குழாய் வீங்கிக்குது. திங்கிற புல்ல நனைச்சுக் குடுத்துடறேன். படுக்கைய நனைக்க முடியுமா? ஒன் பேப்பர் போட்டப்ப எவ்ளோ கொறஞ்சுது தெரியுமா? நீ இன்னா நெனச்சே?”

தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் குதிரையின் கழுத்தைத் தட்டிச் சிரித்தார். “கேள்வித்தாளா? கேட்டியாம்மா, நீ மெட்ரிக் பாஸ் பண்ணப் போறியாம்!”

வேலையைத் தவிர முதலாளியிடம் நான் எதுவும் பேசியதில்லை. மறுநாள் பேசினேன். அவர் முகம் இறுகியது. எப்போதிருந்து? எத்தனை மூட்டை? யார் அவன்? எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டார். கடைசியில், எழுத்தில்லாத ஓரங்களை அவரே பொறுக்கி, அவரே சாக்கில் கட்டினார். “நானும் வருகிறேன். பொய் என்றால் அங்கிருந்தே போலீஸ் தானாவுக்குப் போகலாம்.”

லாயத்தில் காகிதத்தைப் பரப்பும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குதிரை இருமியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆனாலும் கிளம்பவில்லை.

“அதன் மேல் மூத்திரம் பெய்யட்டும்,” என்றார்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். குதிரைக்காரர் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார். “ஒங்க மொதலாளி நல்லா வருவாருப்பா,” என்று சொல்லிவிட்டு மெல்லச் சீட்டியடிக்க ஆரம்பித்தார். சீட்டி கேட்டால் மூத்திரம் பெய்யக் குதிரைக்குப் பழக்கமாம். மூன்று பேரும் அதன் வாலையே பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றோம். கடைசியில் அது காலை அகட்டியது.

“இனிமேல் எவன் படிப்பான்,” என்று முதலாளி வெளியே நடந்தார்.

டாக்டர் வந்த நாளில் குதிரையின் இரைப்பு அடங்கியிருந்தது. இது அடியோடு போகிற வியாதி இல்லை, ரேஸுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாராம். ஆனால் வண்டிக்கு விற்கவில்லை. காலையில் குட்டிகளுக்குத் துணையாக நடக்க வைத்துக்கொண்டார்கள்.

அந்த மாதம் முழுக்க வாராவாரம் முதலாளியே மூட்டையோடு வந்தார். மூன்றாவது வாரம் மூட்டை கட்டும்போது பார்த்தேன். ஒரு பிடியை வெயிலில் தூக்கிப் பிடித்து, உதறி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தூசியாக இருந்ததை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமும் என் பையைத் தடவிப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்.